மூச்சுக்கு இரண்டு முடிச்சு

கடையில் தொங்குகிற ஸ்வெட்டர்களில் ஒன்றை உருவி, தோளில் வைத்துப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று வாங்கி வருகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் நம்பிக்கை வருவதில்லை. யாருக்கென்று தெரியாமலே பின்னிய ஸ்வெட்டர் எப்படி ஒருவருக்குச் சரியாக இருக்கும்? கேட்டால் என் மகன் சிரிப்பான். "அதான் சைஸ் போட்டிருக்கேப்பா" என்பான். சைஸாம்! இந்த வார்த்தையைத் தங்கவயல் ஆண்டர்சன்பேட்டையில் ஓர் அம்மாளின் எதிரே நின்று சொல்லியிருக்க வேண்டும் அவன்.

ஊர் முழுக்க அவரை உல்லன்காரம்மா என்றுதான் சொல்லும். எதிரில் அக்கா. தங்கச் சுரங்கம் வெள்ளைக்காரர் கையிலிருந்து சர்க்கார் கைக்கு வந்து சில வருஷங்கள் ஆகியிருந்த காலம் அது. நான் மைசூர் மைன்ஸில் கீழே இறங்கி வேலை செய்துகொண்டிருந்தேன். பூமிக்கு அடியில் ஆயிரக்கணக்கான அடி ஆழத்தில் அடுப்புக்குள் உட்கார்ந்த மாதிரி வெக்கை. ஷிஃப்ட் முடிந்து கேஜ் என்கிற கூண்டில் ஏறி மேலே வந்தால், மார்கழிக் காற்று ஈரச் சட்டையோடு சேர்த்துத் தோலை உரிக்கும். அதனால் எங்கள் ஊரில் ஸ்வெட்டர் என்பது பணக்காரர் சமாசாரம் இல்லை. சோற்று டப்பா மாதிரி, கையோடு கொண்டுபோகிற பொருள். கீழே இறங்குமுன் கழற்றி வைத்துவிட்டு, மேலே வந்ததும் முதல் வேலையாக மாட்டிக்கொள்வோம்.

அந்த ஸ்வெட்டரைத்தான் அக்கா பின்னித் தந்தார். மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த சந்தில், முன்னறையும் சமையலறையும் மட்டுமே உள்ள வீடு. முன்னறைச் சுவரில் வரிசையாக ஆறு ஆணிகள். ஒரு ஆளுக்கு ஒரு ஆணி. ஆறு ஆணியிலும் நூல் தொங்கினால் ஏழாவது ஆள் எவராக இருந்தாலும் திரும்பிப் போக வேண்டியதுதான். ஒருமுறை ஹெட் கிளார்க் வீட்டிலிருந்து ஆள் அனுப்பியிருந்தார்கள். அக்கா பின்னல் ஊசியை நிறுத்தாமலே, "ஆணி காலியாகட்டும், நானே சொல்லி அனுப்பறேன்" என்றார். இன்னொரு ஆணி அடித்தால் என்ன என்று நான் கேட்டதற்கு, "சொவரு இருக்குது. கை ரெண்டுதானே இருக்குது" என்றார்.

புது நூல் பெங்களூரிலிருந்து வரும். ஆனால் அக்காவுக்குப் பிடித்தது பழைய நூல்தான். ஊரை விட்டுப் போன துரைகள் வீடுகளிலிருந்து ஏலத்தில் வந்த ஸ்வெட்டர்களைப் பிரித்து, பூந்திக்கொட்டை நுரையில் அலசி, வளையமாகச் சுற்றிச் சிட்டம் போட்டு, அதன் அடியில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிடுவார். சுருட்டை விழுந்த நூல் இரண்டு நாளில் நேராகிவிடும். முதன்முதலில் எனக்குப் பின்னிய காப்பிக்கலர் ஸ்வெட்டர் அப்படி ஒரு துரையினுடையது. அதைப் போட்டுக்கொண்டு போன அன்றே சுரங்க வாயில் எல்லோரும் எனக்கு சல்யூட் அடித்துக் கிண்டல் செய்தார்கள். என் ஸ்வெட்டரோடு உள்ளங்கையில் அடங்குகிற ஒரு சின்ன நூல் உருண்டையும் கொடுத்தார். முழங்கை தேய்ந்தால் அதை எடுத்துக்கொண்டு வரவேண்டும். ஒட்டுப் போட்டுத் தருவார். பிள்ளைகளுக்குச் சின்னதாகிப்போனால் பிரித்து, தம்பிக்கோ தங்கைக்கோ பின்னித் தருவார். அதிலும் மிஞ்சினால் குல்லாய். அதிலும் மிஞ்சியது என்ன ஆகும் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

அது அளவு கயிறு ஆகும். அக்கா டேப்பால் அளக்கமாட்டார். ஆளை எதிரில் நிற்க வைத்து, அக்குளுக்குக் கீழே நெஞ்சைச் சுற்றி ஒரு உல்லன் நூலைப் போடுவார். "மூச்ச இழு" என்பார். இழுத்துப் பிடித்ததும் நூலில் ஒரு முடிச்சு. "வுடு" என்பார். விட்டதும் இன்னொரு முடிச்சு. முடிந்தது. அந்தக் கயிற்றை ஆள்வாரியாக எடுத்து வைத்துக்கொள்வார். கை நீளம், உடம்பு நீளம் எல்லாம் கண்ணாலேயே பார்த்துக்கொள்வார். அந்த இரண்டு முடிச்சுக்கு மட்டும் ஆள் நேரில் வந்தாக வேண்டும். போன வருஷ அளவுக்கே பின்னிவிடுங்கள் என்று சொன்னால் கோபம் வரும்.

"போன வருசம் வுட்ட மூச்சையா இன்னைக்கி வுட்டுக்கினு கீறே?" என்று கேட்பார்.

எதற்கு இரண்டு முடிச்சு என்று ஒருநாள் கேட்டேன். பங்களாவில் ஆயாவாக இருந்தபோது துரைசாணி அம்மாதான் அவருக்குப் பின்னல் கற்றுக்கொடுத்தாராம். "அவுங்க டேப்பு வச்சி அளப்பாங்க. அவுங்க பசங்க மெத்தையில குந்திக்கினு போடற ஸ்வெட்டருக்கு அது போதும். நீ கீழருந்து மேல வந்து, மேமூச்சு கீமூச்சு வாங்கிக்கினு மாட்டுவே. அந்த மூச்சுக்கு எடம் வோணாமா?" என்றார். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

மூச்சு விஷயத்தில் அவரை ஏமாற்ற முடியாது. முதல் தடவை அளக்கப் போனபோது எனக்கு இருபத்தைந்து வயது. நெஞ்சைப் புடைத்துக்கொண்டு நின்றேன். அக்கா நூலைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "இன்னா, போலீஸ்ல சேர வந்தியா?" என்று கேட்டார். பிறகு அளக்கிற பேச்சையே விட்டுவிட்டார். என் அம்மாவின் ஊர் குடியாத்தம் பக்கமா, அங்கே இப்போது மழை உண்டா, எங்கள் கம்பெனி லைன் வீடுகளில் தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது என்று ஊர்க்கதை பேசினார். நானும் பேச்சில் இளகிவிட்டேன். அந்த நேரம் பார்த்து நூலைச் சுற்றி, "இழு" என்றார். "வுடு" என்றார். "இதான் உன் மூச்சு" என்று அந்தக் காப்பிக்கலர் நூலில் இரண்டு முடிச்சையும் காட்டினார். நடுவே மூன்று விரல் இடைவெளி இருந்தது.

இதெல்லாம் நடக்கும்போது அவர் வீட்டுக்காரர் ஒரு மூலையில் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவர் சுரங்கத்துக் கல்லை அரைக்கும் மில்லில் வேலை பார்த்தவர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அவர் கைகளில் சிட்டத்தை மாட்டிவிட்டு அக்கா நூல் சுற்றுவார். பிடிபட்ட திருடன் மாதிரி இருப்பார் மனிதர். வருகிறவர்களிடம், "சும்மா குந்துப்பா, கைய கட்டிப் போட்டுட்டா" என்பார். அவர் மூக்கு அரித்தால் அக்காதான் வந்து சொறிந்துவிட வேண்டும்.

பஜாரில் பெரிய ஜவுளிக்கடை வைத்திருந்த ஒரு செட்டியார் ஒருநாள் அந்த வீட்டுக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன். கடையில் அடுக்கிவைக்க நாற்பது ஸ்வெட்டர் வேண்டும், பெரியது, நடுத்தரம், சிறியது என்று மூன்று தினுசாகப் போதும், உதவிக்கு நாலு பெண்களை வைத்துக்கொள்ளுங்கள் என்றார். நல்ல மனிதர்தான், மரியாதையாகத்தான் கேட்டார்.

"நாப்பதும் யாருக்குங்க?" என்று அக்கா கேட்டார்.

"யாருக்கு வேணும்னாலும்தாம்மா. வர்றவங்க வாங்கிக்குவாங்க."

"அந்த யாருக்கு வேணும்னாலும் அளவுக்கு எப்போ வருவாரு?"

செட்டியார் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். அக்கா கிண்டல் செய்யவில்லை, நிஜமாகவே கேட்டார் என்பது புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. இந்தம்மா முன்னுக்கு வரமாட்டார் என்று வாசலில் செருப்பு மாட்டும்போது என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். அக்கா முன்னுக்கும் போகவில்லை, பின்னுக்கும் போகவில்லை. எனக்குத் தெரிந்த வரை அவர் வீட்டு அடுப்பு ஒருநாளும் அணைந்ததில்லை.

பிறக்கப்போகிற குழந்தைக்கும் பின்னமாட்டார். ஏழாம் மாதத்துப் பெண்கள் ஆசையாக வந்து கேட்பார்கள். "பொறக்கட்டும். அழுது மூச்சு வுடட்டும். அப்பறம் தூக்கிக்கினு வா, ஒரே நாள்ல பின்னித் தரேன்" என்பார். சொன்னபடி தருவார். அந்த ஒரு வேலைக்கு மட்டும் ஆணி கணக்கு கிடையாது.

இத்தனை நல்லவரைப் பற்றி ஊரில் ஒரு பயமும் இருந்தது. வருஷா வருஷம் ஒரே நெஞ்சை அளந்தால், அந்த நெஞ்சுக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாமலா போகும்? கீழே கல்லைத் துளைக்கும் தூசியைப் பத்துப் பதினைந்து வருஷம் சுவாசித்தவர்களின் முடிச்சுகள் வருஷத்துக்கு வருஷம் கிட்டே வந்தன. மூன்று விரல் இரண்டாகும், இரண்டு ஒன்றரையாகும். அக்கா ஆளிடம் எதுவும் சொல்லமாட்டார். வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, "ஆஸ்பத்திரிக்கு இஸ்துக்கினு போ" என்பார். எங்கள் லைனில் கடைசி வீட்டில் இருந்த ஒருவரின் மனைவியிடம் அப்படிச் சொன்னார். புருஷன் போகவில்லை. இரண்டு தீபாவளி கழித்து இறந்துபோனார். அந்த அம்மாள் அவருடைய ஸ்வெட்டரை எடுத்துக்கொண்டு வந்தபோது அக்கா பிரித்து, மூன்று தண்ணீர் அலசி, இரண்டு பிள்ளைகளுக்கும் பின்னிக் கொடுத்தார். அதை யாரும் பேசவில்லை. டீக்கடையில் பேசியது இதைத்தான்: "அந்தம்மா கயித்துல ரெண்டு முடிச்சும் கிட்ட வந்துச்சுன்னா ஆளு காலி." சிலர் அவர் முடிச்சுப் போடுவதால்தான் மூச்சு குறைகிறது என்றே நம்பினார்கள். கீழே வெடி வைக்கப் பயப்படாத ஆட்கள் ஒரு உல்லன் நூலுக்குப் பயந்தார்கள். நானும் சிரித்தேன், எனக்கு வரும் வரைக்கும்.

எனக்கு அது புரட்டாசியில் வந்தது. அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண்ணுக்கு ஊர் பாலகாட், தங்கவயலிலேயே இன்னொரு சுரங்கம். அவள் அப்பா வைண்டிங் இன்ஜின் டிரைவர், அதாவது கேஜை ஏற்றி இறக்குகிறவர். தை மாதம் முகூர்த்தம். சாயங்காலமானால் எனக்கு லேசாகக் காய்ச்சல் அடித்தது. வலது விலாவில் குத்தல். படி ஏறினால் இருமல். பனி ஒத்துக்கொள்ளவில்லை என்று அம்மாவிடம் சொன்னேன். எனக்கே தெரியும், அது பனி இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் போனால் நெஞ்சுக்குப் போட்டோ எடுப்பார்கள். போட்டோவில் ஏதாவது தெரிந்தால் கீழே இறங்கத் தகுதியில்லை என்று எழுதிவிடுவார்கள். வேலை போனால் லைன் வீடு போகும். அப்பா இல்லை, அம்மாவும் நானும் எங்கே போவது? கல்யாணமும் நின்றுவிடும். நெஞ்சு சரியில்லாதவனுக்குத் தங்கவயலில் யார் பெண் கொடுப்பார்கள்? தை வரைக்கும் தள்ளிவிட்டால் போதும், தாலி கட்டிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். எவ்வளவு கேவலமான கணக்கு என்று அப்போது தோன்றவில்லை. பயத்தில் இருக்கிறவனுக்குத் தன்னைத் தவிர வேறு யாரும் கண்ணில் படுவதில்லை.

எங்கள் பக்கத்தில் தை மாதக் கல்யாணம் என்றால் மாப்பிள்ளைக்குப் பெண்வீட்டார் வேட்டி சட்டையோடு ஒரு ஸ்வெட்டரும் வைப்பார்கள். வருங்கால மாமனார் நேராக உல்லன்காரம்மா வீட்டுக்குப் போய் ஒரு ஆணியைப் பிடித்துவிட்டு எனக்குச் சொல்லி அனுப்பினார். அளவு கொடுத்துவிட்டு வரவேண்டுமாம்.

ஒரு வாரம் ஷிஃப்ட் என்றேன், ஒரு வாரம் தலைவலி என்றேன். பிறகு பெரிய புத்திசாலி மாதிரி ஒரு வேலை செய்தேன். டைம் ஆபீசில் வேலை செய்த என் சிநேகிதன் என்னைப் போலவே உயரம், என்னைப் போலவே உடம்பு. அவன் நெஞ்சில் ஒரு நூலைச் சுற்றி, இழுக்கச் சொல்லி ஒரு முடிச்சு, விடச் சொல்லி ஒரு முடிச்சு போட்டேன். அந்த நூலை அவனிடமே கொடுத்தனுப்பினேன். வேலை ஜாஸ்தி, அதனால் வீட்டிலேயே அளந்து அனுப்பியிருக்கிறான் என்று சொல்லச் சொன்னேன். அவனும் கொடுத்துவிட்டு வந்தான்.

"இன்னா சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லலப்பா. உன் பழைய காப்பிக்கலர் கயித்த எடுத்து பக்கத்துல வச்சி பாத்தாங்க. நான் ஃபுட்பால் ஆடுவேனான்னு கேட்டாங்க."

"நீ இன்னா சொன்னே?"

"ஆமா, ஞாயித்துக்கெழம ஆடுவேன்னு சொன்னேன்."

என் பழைய கயிற்றில் மூன்று விரல். இவன் முடிச்சுகளுக்கு நடுவே நாலு விரல் இருந்திருக்கும். வருஷம் பூராவும் கீழே வேலை செய்தவனுக்கு மூச்சு ஏறுமா எங்கேயாவது? மேலேயே உட்கார்ந்து பேரேடு எழுதி, ஞாயிற்றுக்கிழமை பந்தை உதைக்கிறவனின் நெஞ்சை அனுப்பியிருக்கிறேன். தங்கவயலில் பிறந்து வளர்ந்தவன் இந்தத் தப்பைச் செய்யலாமா?

அடுத்த நாள் காலை பத்து மணிக்கு அக்கா எங்கள் லைனுக்கு வந்துவிட்டார். தன் சந்துக்கு வெளியே வராதவர், குடையும் துணிப்பையுமாக மைசூர் மைன்ஸ் வரைக்கும் நடந்து வந்திருந்தார். இரவு ஷிஃப்ட் முடித்துப் படுத்திருந்த என்னை அம்மா எழுப்பினாள். அக்கா அம்மாவோடு காப்பி குடித்தார். தண்ணீர் இன்னும் அதே நேரத்துக்குத்தான் வருகிறதா என்று விசாரித்தார். ஊர்க்கதை முடிந்ததும், "எழுந்து நில்லுப்பா" என்றார். எனக்கு மறுக்கத் தைரியம் இல்லை.

நூலைச் சுற்றினார். இழு, விடு. முடிச்சு போடவில்லை. மறுபடி சுற்றினார். இழு, விடு. மூன்றாவது தடவை நூலை விட்டுவிட்டு இரண்டு உள்ளங்கைகளையும் என் விலாவில் வைத்தார். என் இடது விலாவில் வைத்த கை எழும்பியது. வலது விலாவில் வைத்தது அப்படியே இருந்தது. அதை அவர் மட்டும் பார்க்கவில்லை. நானும் பார்த்தேன். அம்மாவும் பார்த்தாள்.

"ஒரு பக்கம் கதவு சாத்திக்கினு கீதுப்பா. போயி போட்டோ எடு" என்றார்.

எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. "நீங்க இன்னா டாக்டராக்கா? ஸ்வெட்டர் பின்றவங்க, பின்னிக் குடுங்க. மத்தது எதுக்கு உங்களுக்கு?" என்று கத்தினேன். கத்தியதில் இருமல் பிடித்துக்கொண்டது. அது அடங்கும் வரை அவர் காத்திருந்தார்.

"பின்றேன். எந்த மூச்சுக்குப் பின்றது, அத்த சொல்லு. இன்னைக்கி இருக்கற மூச்சுக்குப் பின்னா, நீ நல்லானதுக்கு அப்பறம் பத்தாது. போன வருச மூச்சுக்குப் பின்னா, இப்போ தொளதொளன்னு தொங்கும். ஃபுட்பால் ஆடற ஆளுக்கு நான் பின்ன மாட்டேன், அது அவன் அளவு. உன் மூச்சு எதுன்னு மொதல்ல பாத்துக்கினு வா."

"கல்யாணம் நின்னுடும்க்கா."

"மார்கழி கடைசில உங்க மாமனாரு ஸ்வெட்டர் வாங்க வருவாரு. உன் ஆணி காலியாதான் இருக்கும். ஏன்னு கேப்பாரு. நான் பொய் சொல்ல மாட்டேன். அதுக்குள்ள நீயே போயி சொல்லிட்டியானா, நான் எதுவும் சொல்ல வேண்டி வராது." குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசலில் நின்று, கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "அந்தக் கடைசி வூட்டு ஆளுகிட்ட நான் நேரா சொல்லல. பொம்பள நான் சொன்னா நல்லா இருக்காதுன்னு அவர் சம்சாரத்துகிட்ட சொன்னேன். அதான் உங்கிட்ட நேராவே வந்துட்டேன்" என்றார்.

அன்றைக்கு அவர் முகத்தை நான் சரியாகப் பார்த்தேன். ஊர் அவரைப் பார்த்துப் பயந்தது. அவரோ ஒவ்வொரு கயிற்றையும் பார்த்துப் பயந்துகொண்டிருந்திருக்கிறார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாலகாட்டுக்குப் போனேன். வருங்கால மாமனார் நாற்காலி போட்டார். நான் உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். காய்ச்சல், இருமல், சிநேகிதன் கயிறு, எல்லாம். சொல்லச் சொல்ல அவர் முகம் இறுகியது. கல்யாணம் போய்விட்டது என்று நினைத்தேன்.

"நான் கேஜ் ஓட்றவன் தம்பி" என்றார். "கீழருந்து பெல்லு வந்தா நிறுத்தணும். ஏன் அடிச்சாங்கன்னு கேட்டுக்கினு நிக்கக்கூடாது. இப்போ பெல்லு வந்திருக்குது, நிறுத்தறோம். மறுபடி பெல்லு வரட்டும், கெளப்பலாம்."

சமையலறைக் கதவு மறைவிலிருந்து ஒரு குரல் வந்தது. அதுவரை எனக்கு நிச்சயித்த பெண்ணின் குரலை நான் கேட்டதில்லை.

"அதுக்கு மருந்து இருக்குதாமா?"

"இருக்குதுன்னுதான் சொல்றாங்க" என்றேன்.

"அப்போ சாப்புடுங்க."

அவ்வளவுதான். பெரிய வசனம் எதுவும் இல்லை. திரும்பி வரும் வழியெல்லாம் அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது, வெட்கப்படாமல் துடைத்துக்கொண்டேன்.

போட்டோவில் வலது பக்கம் நீர் கோத்திருந்தது. டிபி. டாக்டர் ஊசி போட்டு நீரை இறக்கினார். கொஞ்சம் சீக்கிரமே வந்துவிட்டாய், இன்னொரு குளிர்காலம் இதோடு கீழே இறங்கியிருந்தால் என்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார். சில மாதம் ஆஸ்பத்திரிக் கட்டில். ஊசி, கைநிறைய மாத்திரை. நான் பயந்தபடி கீழே இறங்கத் தகுதியில்லை என்று எழுதினார்கள்தான். ஆனால் வேலை போகவில்லை. மேலேயே லேம்ப் ரூமில் போட்டார்கள். கீழே போகிறவர்களுக்கு விளக்கு கொடுத்து, வருகிறவர்களிடம் திரும்ப வாங்கி வைக்கிற வேலை. லைன் வீடும் போகவில்லை. இத்தனை மாதம் எதற்காகப் பயந்து செத்தேனோ, அதில் பாதி நடக்கவே இல்லை. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் லேம்ப் ரூமில் முதல் நாள் நின்றது நன்றாக நினைவிருக்கிறது.

மருந்தெல்லாம் முடிந்து, நெஞ்சு சுத்தமாக இருக்கிறது என்று டாக்டர் சொல்ல ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே மாதா கோயில் சந்துக்குப் போனேன். மாமனார் வந்திருந்தார். அவளும் வந்திருந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணை எங்கேயும் அழைத்துப் போகிற வழக்கம் இல்லைதான். ஆனால் இதைப் பார்க்காமல் வீட்டில் இருக்கமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்துவிட்டாளாம்.

அக்காவின் வீட்டுக்காரர் வழக்கம் போல மூலையில் கைகளை நீட்டிக்கொண்டிருந்தார். "வாப்பா. உன் ஆணிய பாரு" என்று முகவாயால் சுவரைக் காட்டினார். ஆறு ஆணியில் ஐந்தில் நூல் சிட்டங்கள். மூன்றாவது ஆணியில் நூல் இல்லை. என் பழைய காப்பிக்கலர் கயிறு மட்டும் தொங்கியது. "ரெண்டு குளிருகாலமா அதுல யாருக்கும் எடம் குடுக்கல. அஞ்சு ஆணியிலயே ஓட்டிக்கினு கீறா. கேட்டா, அந்த ஆளு அளவுக்கு வருவாருங்கறா" என்றார்.

அக்கா உள்ளேயிருந்து வந்தார். என் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. ஒரு புது நூலை எடுத்து என் நெஞ்சைச் சுற்றினார். இந்தத் தடவை ஊர்க்கதை எதுவும் பேசவில்லை.

"இழு" என்றார்.

இழுத்தேன். வலது பக்கம் கொஞ்சம் இழுத்துப் பிடித்தது, பிறகு அதுவும் எழுந்தது. ஒரு முடிச்சு.

"வுடு."

விட்டேன். இரண்டாவது முடிச்சு. அப்போது இன்னொரு மூச்சு விடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. என்னுடையது இல்லை. நீளமான, நடுங்குகிற மூச்சு. எத்தனையோ பேரை இழுக்கவும் விடவும் சொன்னவர், நூலை என் மேல் சுற்றியதிலிருந்து தன் மூச்சைப் பிடித்துவைத்திருந்திருக்கிறார்.

முடிச்சுகளுக்கு நடுவே விரல் வைத்துப் பார்த்தார். இரண்டரை விரல். பழையதில் மூன்று. ஆணியிலிருந்து பழைய கயிற்றை எடுத்து, எல்லோரும் பார்க்க இரண்டையும் சேர்த்துப் பிடித்துவிட்டுப் புதியதை மாட்டினார். கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார்.

"பின்னலாம்" என்றார். பிறகு அவளிடம் திரும்பி, "கலரு இன்னா வோணும், சொல்லும்மா" என்று கேட்டார்.

அவள் ஆணியில் தொங்கிய கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கலரு எதுவா இருந்தாலும் சரிக்கா" என்றாள். "அந்த இன்னொரு அரை வெரலுக்கும் எடம் வுட்டே பின்னுங்க."